உப்பனாற்றங்கரைத் தொழிற்புறநகர்: நிலமும் வரலாறும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளிவிழாவில் பேசுதற்குரிய பொருள்கள் பல இருக்க, நாம் வாழும் பகுதியின் நிலத்தையும் வரலாற்றையும் பொருளாகத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் நைல் நதியின் போக்கைப் படிக்கின்றார்கள். கங்கைச் சமவெளியின் மண்வளத்தை ஒப்புவிக்கின்றார்கள். தங்கள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் ஓடும் உப்பனாறு எங்கிருந்து வருகின்றது, எங்கே போய் முடிகின்றது என்று கேட்டால் விழிக்கின்றார்கள். குறை பிள்ளைகளுடையதன்று. 1878இல் கார்ஸ்டின் துரை எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் துரை எழுதிய மாவட்ட விவரச் சுவடியும் உள்ளன. இரண்டும் பெரிய நூல்கள், பயனுள்ள நூல்கள். ஆயினும் அவை ஆட்சி செய்தோர் தம் தேவைக்காக எழுதிக்கொண்டவை. அவற்றில் நம்மவர் எண்ணிக்கையாகவும் வழக்கங்களாகவும் வருகின்றனரேயன்றி, நிலத்தை அறிந்தவர்களாக வருவதில்லை.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் பெருவழியை ஒட்டி, பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் முதலிய ஊர்களை ஊடுருவி நீண்டு கிடக்கும் தொழிற்புறநகரைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம். மக்கள் அதனைச் சுருக்கமாகச் 'சிப்காட்' என்பர். 1971இல் தமிழக அரசு நிறுவிய தொழில் வளர்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளே அச்சொல். ஒரு நிறுவனத்தின் முதலெழுத்துகள் ஊர்ப்பெயராகி, பேருந்து நிறுத்தமாகி, பெண் கொடுப்போர் மாப்பிள்ளை எங்கே வேலை என்று கேட்கும்போது மறுமொழியாகவும் ஆகிவிட்ட விந்தையை வேறெங்கும் அதிகம் காண்பதற்கில்லை.

முதலில் நிலத்தைக் காண்போம்.

கடலூர் என்ற பெயர் கூடலூர் என்பதன் திரிபு என்பர். ஆறுகள் கூடுமிடம் என்பது பொருள். வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே பரவனாறு. நமக்கு வேண்டியது மூன்றாவது ஆறு. மேற்கே நெய்வேலிப் பக்கத்து மேட்டு நிலத்தின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு பெருமாள் ஏரிப் பக்கமாகக் கிழக்கு நோக்கி வருகின்ற பரவனாறு, கடலை நெருங்கியும் கடலுள் புக இயலாமல் நிற்கின்றது. கரையோர மணல்மேடு அதனை மறிக்கின்றது. ஆகவே வடக்கே திரும்பி, கடலுக்கு இணையாகப் பல கல் தொலைவு தவழ்ந்து சென்று, பழைய துறைமுகத்தருகே கெடிலத்து நீரோடு கலந்து கடலை அடைகின்றது. இவ்வாறு தவழும் கடைப்பகுதிக்கே உப்பனாறு என்று பெயர். கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும். வடியும்போது வெளியே போகும். மழைக்காலத்தில் மட்டும் நன்னீர் பெருகும்.

இந்த ஆற்றின் இயல்பை இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். சரிவு மிகுந்த ஆற்றில் கொட்டியது உடனே ஓடிவிடும். உப்பனாறு அத்தகையதன்று. காலையில் வடக்கே போன நீர் மாலையில் ஏற்றத்தோடு திரும்பி வரும். இதில் எதனைக் கொட்டினாலும் அது உடனே விடைபெற்றுப் போய்விடுவதில்லை. சேற்றில் படியும், அடுத்த ஏற்றத்தில் கலங்கும், இறாலின் வயிற்றுக்குள் புகும். முன்னாளில் இவ்வாற்றில் மடவை, கெளுத்தி, இறால், நண்டு ஆகியவை மலிந்திருந்தன. வலையும் படகும் இல்லாத ஏழையரும் முழங்கால் நீரில் அமர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து அன்றைய உலையை ஏற்றினார்கள். பட்டா இல்லாதவனுக்கு ஆறே பட்டா நிலம்.

ஆற்றுக்கு மேற்கே சற்றே நடந்தால் செம்மண் மேடு எழுகின்றது. கேப்பர் மலை என்று நாம் சொல்லும் அம்மேடு மலையன்று. செந்நிறக் கல்லும் மணலும் இறுகிய பழைய படிவு. புவியியல் நூல்களில் இப்படிவத்திற்குக் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். நம் ஊர்ப் பெயர் உலகத்துப் புவியியல் மாணவர் வாயில் புழங்குவது இதனாலேதான். இப்படிவம் நீரை உறிஞ்சி ஆழத்தில் தேக்கிவைக்கும் தன்மையது. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடிகின்றது. ஆழ்குழாய் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கும் என்பது ஆலை வைப்போருக்குப் பெரிய கவர்ச்சி.

மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கோடு இழுத்தாற்போல் நடந்து பார்ப்போம். முந்திரியும் மணிலாக்கொட்டையும் விளையும் செம்மண் மேடு, பின்னர் விழுப்புரம், மயிலாடுதுறை இருப்புப்பாதை, அடுத்து நெடுஞ்சாலை, அதன் பின் ஆலைகள், ஆலைகளின் முதுகுப்புறத்தில் உப்பனாறு, ஆற்றுக்கு அப்பால் மணல்மேடும் மீனவர் குப்பங்களும், இறுதியில் கடல். இவ்வளவும் இரண்டு மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். இத்துணைக் குறுகிய நிலத்தில் இத்தனை பொருள்களை நெருக்கி வைத்ததுதான் இப்புறநகரின் முதற் சிக்கல். 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலையில் செம்மங்குப்பம் இருப்புப்பாதைக் கடவில் பள்ளி வேன்மீது தொடர்வண்டி மோதி மூன்று மாணவர்கள் மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. பாதைக்கு ஒருபுறம் வீடு, மறுபுறம் பள்ளி என்று வாழும் மக்களுக்கு நிலநூல் என்பது தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று.

ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்னும் பழைய ஏற்பாடு இங்கும் மாறவில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் அது வெளிப்படும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கடலோரக் குப்பங்களைச் சூறையாடியது. மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நிலமுடையவர் மரத்தை இழந்தார். கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்கள் பல ஆண்டுக் கூலியை இழந்தனர். 2015 நவம்பர் மழையில் பரவனாற்றுப் பள்ளத்தாக்கு முழுதும் நீரில் மூழ்கியது.

இனி வரலாறு. இதனை 1690ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம்; ஏனெனில் பிறர் நம் நிலத்தை அளந்த முறை அவ்வாண்டில் நன்கு விளங்குகின்றது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்ற வினா எழுந்தது. கோட்டையின் பீரங்கியிலிருந்து சுடப்படும் குண்டு எத்துணைத் தொலைவில் விழுகின்றதோ அத்துணை நிலமும் கும்பினிக்கு உரியது என்று முடிவாயிற்று. சுற்றிலும் சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் கைமாறின. 'குண்டு கிராமங்கள்' என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது. அக்கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தபோது சில ஆண்டுகள் தென்னாட்டு ஆங்கில ஆட்சிக்கு அதுவே தலைமையிடம். 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி அதனைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினான்.

குண்டு விழுந்த வயலில் அன்று யார் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்று எந்த ஏடும் குறிக்கவில்லை. விற்றவரும் வாங்கியவரும் ஏட்டில் உள்ளனர்.

கும்பினி இங்கு வந்தது துணிக்காக. நெய்தவர் ஒரு சாதி, சாயமிட்டவர் ஒரு சாதி, விற்றவர் ஒரு சாதி. மூட்டை தூக்கிப் படகேற்றிய தோள்கள் எவருடையவை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கடலூர்த் துறைமுகம் ஆழமற்றது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிச் சென்று கப்பலில் சேர்க்க வேண்டும். பின்னாளில் மணிலாக்கொட்டை ஏற்றுமதி பெருகியபோதும் இதே முறைதான். ஆழமற்ற துறைமுகம் ஆட்களின் முதுகை வேண்டி நிற்கும் துறைமுகம்.

தொழிற்சாலை என்னும் பெயருக்குத் தக்க முதல் முயற்சி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் பரங்கிப்பேட்டையில் நடந்தது. கும்பினி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் அங்கே இரும்பு உருக்காலை நிறுவினார். இந்தியாவில் ஐரோப்பிய முறைப்படி இரும்பு உருக்கிய தொடக்ககால முயற்சிகளுள் அது தலையாயது. கனிமக்கல் சேலம் மாவட்டத்திலிருந்து வர வேண்டும். உருக்குவதற்குக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். காடு அழிய அழியக் கரி தொலைவிலிருந்து வந்தது, விலை ஏறியது. 1853இல் நிறுவனம் புதிய பெயரில் மாறியது, 1860களில் நின்றுபோயிற்று. நாம் அறிய வேண்டிய பாடம் இதில் ஒன்று உண்டு: மூலப்பொருளும் எரிபொருளும் சந்தையும் இல்லாத இடத்தில் வைத்த ஆலை, மலிந்த கூலி ஒன்றை மட்டும் நம்பி நிலைக்கவில்லை.

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையாலை அவ்வாறு அழியவில்லை. 1840களில் தோன்றி, பாரி கம்பெனியின் கைக்கு வந்து, இன்றும் நிலைத்திருக்கின்றது. கரும்பு அருகிலேயே விளைந்தது, அதுவே காரணம். இளைஞர்கள் ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று அறிவித்த ஐந்தாம் சட்டம் வந்தது 1843இல். ஆலைப் புகைபோக்கியும் அடிமை ஒழிப்புச் சட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தென்னார்க்காட்டில் தோன்றின. சட்டம் வந்தும் பண்ணையாள், படியாள் என்னும் பெயர்கள் மறைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய் ஒரே களத்தில் உழைத்த நம் முன்னோர், கப்பல் ஏறினால்தான் விடுதலை என்று எண்ணிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். அங்கே கண்டது விடுதலையா என்பது வேறு கதை.

நெய்வேலிக்கு வருவோம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நம் மாவட்டத்தில் ஒரு தலைமுறை இளைஞர்க்கு நிலையான ஊதியம், குடியிருப்பு, மருத்துவமனை ஆகியவற்றைக் காட்டியது நெய்வேலிதான். பொதுத்துறையாதலின் இடஒதுக்கீடு இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சிச் சான்று வைத்திருந்த நம்மவர் சிலர் வாயிலைக் கடந்தனர். சான்று இல்லாதோர் ஒப்பந்தக்காரரின் ஆட்களாய் அதே சுரங்கத்தில் அதே வெயிலில் நின்றனர். ஒரே மண்ணை வெட்டிய இருவருக்கு இருவேறு வாழ்வு ஏற்பட்டதைக் கண்ணால் கண்ட மாவட்டம் இது.

1984இல் நம் உப்பனாற்றங்கரையில் தொழில் வளாகம் உருவாகியது. இடத்தைத் தேர்ந்தவர்களின் கணக்கு எளிதில் விளங்கும். முன்னே நெடுஞ்சாலை, அருகே இருப்புப்பாதையும் கடலூர்த் துறைமுகச் சந்திப்பும், நெய்வேலியில் மின்சாரம், மணற்கல்லில் நீர், பின்னே கழிவை வாங்கிக்கொள்ள ஒரு ஆறு, ஆற்றுக்குப் பின்னே ஒரு கடல். இவை ஏட்டில் எழுதப்பட்ட காரணங்கள். மலிந்த நிலமும் குரலற்ற மக்களும் எழுதப்படாத காரணங்கள் என்பது நம் கருத்து.

அதே 1984ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நாடு முழுதும் அழுத அந்நாளில் இங்கே வேதிப்பொருள் ஆலைகளுக்கு அடித்தளம் போடப்பட்டுக்கொண்டிருந்தது. சாயப்பொருள், மருந்துக்குரிய மூலப்பொருள், பூச்சிமருந்து, ஃபுளோரின் சேர்மங்கள், ஜெலட்டின், பின்னாளில் பி.வி.சி. எனப் பல்வகை ஆலைகள் வந்தன. இன்னும் தெற்கே எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தானே புயலில் சேதமுற்று, உற்பத்தியைத் தொடங்காமலே நின்றது.

நிலம் எவ்வாறு எடுக்கப்பட்டது? அக்காலத்தில் நில எடுப்புக்கு இருந்தது 1894ஆம் ஆண்டின் சட்டம். நிலத்தில் சட்டப்படி உரிமை உடையவருக்கே அது இழப்பீடு தந்தது. பட்டா யார் பெயரில் உள்ளதோ அவர் பணம் பெற்றார். அந்த நிலத்தில் நடவும் களையும் அறுப்புமாய் ஆண்டு முழுதும் உழைத்தவர், நெல்லுக்குப் பின் பயறு எடுத்தவர், வரப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவர் ஆகியோர்க்கு அச்சட்டத்தின் கண்ணில் இழப்பு ஒன்றும் இல்லை. ஆகவே ஈடும் இல்லை. நிலம் விற்றவர் ஊரில் மாடி கட்டினார். நிலத்தில் உழைத்தவர் மறுநாள் காலை எழுந்து எங்கே போவது என்று கேட்டார். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமே, மூன்று ஆண்டுகள் அந்நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்ற தொழிலாளர் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று மதித்தது. முப்பது ஆண்டு தாழ்ந்து வந்த மதிப்பு. இனி எங்கேனும் நிலம் எடுக்க அறிவிப்பு ஒட்டப்பட்டால், பட்டா இல்லை என்பதற்காக நம்மவர் வாய்மூடி நிற்கத் தேவையில்லை என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

ஆலைகள் வேலை தரும் என்றார்கள். தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எத்தகைய வேலை என்பதே வினா. தனியார் ஆலையில் இடஒதுக்கீடு இல்லை. ஆய்வுக்கூடத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் அமர்வதற்கு வேதியியல் பட்டமோ பட்டயமோ வேண்டும். பிட்டர், வெல்டர், மின்பணியாளர் ஆவதற்குத் தொழிற்பயிற்சிச் சான்று வேண்டும். இவையின்றி வாயிலில் நிற்பவர்க்கு ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி ஒரு சீட்டுத் தருவார்: மூட்டை தூக்கு, சாக்கடை வாரு, தொட்டி கழுவு. இன்று வேலை உண்டு. நாளைக்கு வந்து பார். சிதம்பரத்து வாயிலைக் காண ஏங்கி, 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனாரின் நாட்டவர் நாம். ஆலை வாயிலில் 'நாளைக்கு வா' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் பிள்ளையைக் காணும்போது அப்பெயர் நம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இங்கே ஜெலட்டின் ஆலையைப் பற்றி ஒரு சொல் கூற விரும்புகின்றோம். மாட்டெலும்பை நொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து மெத்தென்ற பொருள் எஞ்சும். அதனைச் சுண்ணாம்பு நீரில் பதப்படுத்தி வெந்நீரில் பிரித்தெடுத்தால் ஜெலட்டின். நாம் விழுங்கும் மருந்துக் குப்பியின் உறை அதுவே. எலும்பு பொறுக்குதல் இழிதொழில் என்றும், அதனைத் தொட்டவனைத் தீண்டலாகாது என்றும் நூற்றாண்டுகளாய்ச் சொன்ன நாட்டில், அதே எலும்பு அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தோடு ஆலைக்குள் புகுந்தவுடன் மதிப்புமிக்க மூலப்பொருள் ஆயிற்று. அதன் பங்குகளை வாங்கத் தயங்கிய மேற்குடியினர் எவரையும் நாம் கண்டதில்லை. தொழிலில் இழிவு இருந்ததில்லை. செய்தவனுக்கு அறிவியலும் முதலும் மறுக்கப்பட்டன, அவ்வளவே.

காற்றைப் பற்றிப் பேசாமல் இப்புறநகரின் வரலாறு நிறைவுறாது. அழுகிய முட்டை நாற்றம், நகப்பூச்சு வாடை, வெந்த முட்டைக்கோசு வாடை என்று எந்த இரவில் எந்த ஆலை எதனைத் திறந்துவிட்டது என மூக்கால் சொல்லக்கூடிய மூதாட்டிகள் நம் தெருக்களில் உள்ளனர். 1998இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் சார்பில் நீதியரசர் நைனார் சுந்தரம் நேரில் ஆய்ந்து அறிக்கை அளித்தார். குடிகாடும் ஈச்சங்காடும் மூன்று புறம் ஆலைகளாலும் நான்காம் புறம் ஆற்றாலும் சூழப்பட்டுக் கிடக்கும் நிலையை அவ்வறிக்கை பதிவு செய்தது. 2004இல் இவ்வூர்களைச் சேர்ந்தவர்களே சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகி, பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உள்ளிட்ட பல நச்சு வாயுக்கள் அதில் இருந்தன. 2007இல் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், இப்பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பினும் இரண்டாயிரம் மடங்கு கூடுதலாகலாம் என்று கணித்தது.

இம்மூன்றினுள் நாம் மிகப் பெரிதாக மதிப்பது நடுவிலுள்ளதை. நீதியரசர் வந்தார், போனார். அறிவியலார் வந்தார், போனார். வாளி ஏந்தி நின்றவர்கள் இங்கேயே பிறந்து இங்கேயே மூச்சுவிடுபவர்கள். அவர்கள் நாற்றம் என்று சொன்னபோது எவரும் செவிசாய்க்கவில்லை. பொருளின் பெயரையும் அளவையும் சொன்னபோது அதிகாரிகள் குறிப்பெடுத்தனர். பெயரும் அளவும் சொல்லத் தெரிந்தமை கல்வியின் பயன்.

இக்கல்வி இல்லாமையால் உயிர் போகின்றது என்பதை விளக்க இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துக்காட்டுவோம். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு சிறிதளவாயின் அழுகிய முட்டையாய் நாறும். அளவு மிகும்போது மூக்கின் நுகர்வு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டியுள் இறங்கியவன் 'வாடை போய்விட்டது' என்று எண்ணும் நொடியே சாகும் நொடியாகலாம். அவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்வான். ஆகவே வாயுவை அளந்து பாராமல், உயிர்மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே காவலாளும் இல்லாமல், தொட்டியில் எவரும் இறங்கலாகாது. மேஸ்திரி வைதாலும் இறங்கலாகாது. அன்றைய கூலி போனாலும் இறங்கலாகாது. மற்றொன்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலும் இருக்கும். உள்ளே புகுந்து சதையையும் எலும்பின் சுண்ணாம்பையும் தாக்கும். சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். உடனே மிகுந்த நீரில் கழுவி, கால்சியம் குளூக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவரிடம் இன்ன அமிலம் என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரியாதவன் 'ஏதோ மருந்து பட்டது' என்பான். அந்த 'ஏதோ' என்னும் சொல்லில்தான் பல விரல்களும் சில உயிர்களும் போயிருக்கின்றன.

போபாலுக்குப் பின்னர், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய அதிகாரம் சேர்ந்தது. ஆலையில் உள்ள தீங்கான பொருள்களைப் பற்றிய செய்தியைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புறத்து மக்களுக்கும் அறிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்று அது விதித்தது. அதற்குமுன் நச்சின் பெயர் முதலாளியின் இரகசியம். அதன்பின் நாம் கேட்டுப் பெறத்தக்க செய்தி. எனினும் 2021 மே 13ஆம் நாள் இவ்வளாகத்துப் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்து நால்வர் மாண்ட காலையில், எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் மக்கள் தெருவில் திகைத்தனர். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கற்பிக்கத்தக்க பாடம்.

ஆலையே வேண்டாம் என்பாரும் நம்மிடையே உளர். அவர் துன்பம் நமக்குத் தெரியும். ஆயினும் பண்ணையின் களத்திற்குத் திரும்பிப் போவது நமக்கு விருப்பமான வழியன்று. வயலில் கூலிக்குக் கைகட்டி நின்ற நாள்களைப் பொற்காலமாகப் பாடுவது நிலம் வைத்திருந்தோர்க்கு எளிது. நாம் வேண்டுவது நச்சற்ற ஆலை, ஆலையில் நிலையான வேலை, அந்த வேலைக்குத் தகுந்த படிப்பு. இம்மூன்றையும் ஒருசேரக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, கோயில் வாயில் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. பள்ளி வாயிலை முதலில் திறந்தார். அப்பள்ளியிலும் விடுதியிலும் உண்டு படித்த பிள்ளைகள் இம்மாவட்டம் எங்கும் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பரவினர். காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்து 1952இல் கடலூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினரான இளையபெருமாள் அவர்களின் தலைமையில் 1965இல் அமைந்த குழு, 1969இல் அளித்த அறிக்கையில் தீண்டாமையையும் கல்வியையும் பொருளாதார நிலையையும் ஒன்றாக வைத்தே ஆராய்ந்தது. தீண்டாமை ஓரிடத்தில், வறுமை ஓரிடத்தில் என்று பிரித்துப் பேச முடியாது என்பதை அவ்விரு பெரியோரும் நன்கு அறிந்திருந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஆலையின் ஆய்வுக்கூடத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் அந்த 29 விழுக்காடு காணப்படுகின்றதா என்று போய்ப் பார்க்கும்படி இளைஞர்களை வேண்டுகின்றோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன், அல்லது முடிக்காமலே, ஒப்பந்தச் சீட்டுக்கு ஓடும் வழக்கம் நம் தெருக்களில் உள்ளது. வீட்டின் வறுமை நமக்குத் தெரியாததன்று. தந்தையின் இருமலும் தெரியும். ஆயினும் பெற்றோர்களிடம் நாம் பணிந்து கேட்டுக்கொள்வது ஒன்று: இரண்டு ஆண்டுத் தொழிற்பயிற்சியோ மூன்று ஆண்டுப் பட்டயமோ முடியும்வரை பிள்ளையை வாயிலுக்கு அனுப்பாதீர்கள். அக்காலத்துப் பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவும் தடையாக இருப்பின் கழகத்திடம் தயங்காமல் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வேதியியலில் நாட்டமுள்ள பெண்ணை முந்திரிக் கொட்டை உடைக்க அமர்த்துவது வீட்டுக்கும் இழப்பு, ஊருக்கும் இழப்பு.

இவ்வுரையைத் தயாரிக்கும்போது நாம் ஒரு வேலையைத் தொடங்கியுள்ளோம். இப்புறநகரின் வரைபடம் ஒன்றை நம் கையாலேயே வரைய வேண்டும். வருவாய்த்துறையின் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் விலை கொடுத்தால் கிடைக்கும். அவற்றின்மீது நாம் குறிக்க வேண்டியவை வேறு: எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது, எந்தக் குழாயின் நீர் மஞ்சளானது, எந்தப் புல எண்ணில் எவர் உழைத்தார், சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்பட்டது, வாயு கசிந்தால் எத்தெருவார் எவ்வழியே வெளியேறலாம். கிணறுகளின் பட்டியலை மாணவர் அணி எடுத்துக்கொண்டுள்ளது. பழைய தீர்வை ரசீது, நில எடுப்பு அறிவிப்பு, ஆலை அடையாளச் சீட்டு, ஊதியச் சீட்டு ஆகியவை எவரிடமேனும் பெட்டியடியில் கிடந்தால் கழக நூலகத்திற்கு ஒரு நாள் இரவலாகத் தாருங்கள். படி எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டில் கொண்டுவந்து சேர்ப்போம். உப்பனாற்றில் கையால் இறால் பிடித்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அவர்கள் எந்தத் துறையில் எந்த மாதத்தில் எது கிடைத்தது என்று சொல்வதை எழுதிக்கொள்ள, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குறிப்பேட்டோடு ஆற்றங்கரையில் கூடுவோம்.